கோச்சுக்கு அந்த மின்னஞ்சலை அனுப்பலாமா?
விளையாட்டு மருத்துவரின் பதில்

நியூஜெர்சியிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

மகளுக்கு 19 வயது. சின்ன வயதில் பரதநாட்டியத்துக்கும் ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் ஒரே வாரத்தில் சேர்த்துவிட்டார்கள். நாட்டியம் பாதியில் நின்றது, ஜிம்னாஸ்டிக்ஸ் நிற்கவில்லை. இப்போது தெற்கே ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் முழு ஸ்காலர்ஷிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அணிக்காக பீமும் (குறுகிய உத்தரத்தின் மேல் செய்வது) ஃப்ளோரும் (தரைவிரிப்பில் செய்வது) செய்கிறாள். முதல் ஆண்டில் இடது கணுக்கால் இரண்டு முறை பிசகியது. இந்த அக்டோபரிலிருந்து இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாக வலி. கல்லூரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றுமில்லை, தசைப்பிடிப்பாக இருக்கலாம் என்றார்கள். அதன் பிறகு வலி அதிகமானதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் இபுபுரூஃபென் வலிமாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போயிருக்கிறாள். நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் வீட்டுக்கு வந்தவள் குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாமல் சோபாவில் உட்கார்ந்து கட்டியதை அம்மா பார்த்துவிட்டார். தெரிந்த எலும்பு டாக்டர் மூலம் எம்ஆர்ஐ எடுத்தார்கள். கீழ் முதுகின் ஐந்தாவது முள்ளெலும்பில், முறிவுக்கு முந்தைய அழுத்தப் பாதிப்பு இருக்கிறது.

"கோச்சுக்குச் சொல்லாதேம்மா, ஜனவரியில் மீட் ஆரம்பிக்குது, என் இடம் போயிடும்" என்கிறாள் மகள். (மீட் என்றால் போட்டி.) "இன்னும் இரண்டரை வருஷம்தானே, பல்லைக் கடித்துக்கொள்ளட்டும். ஸ்காலர்ஷிப் போனால் ஆண்டுக்கு 50,000 டாலருக்கு எங்கே போவது?" என்கிறார் அப்பா. 2019இல் ஆபர்ன் பல்கலைக்கழகப் பெண் ஒருத்திக்கு இரண்டு முழங்காலும் ஒரே நேரத்தில் விலகிய வீடியோவைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. "என் மகள் அணியிலிருந்து விலகுகிறாள்" என்று கோச்சுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்திருக்கிறார். அனுப்பலாமா என்பதுதான் கேள்வி. கடிதத்தின் ஓரத்தில், போகிற போக்கில், இன்னொரு வரியும் இருக்கிறது: "ஏழு மாதமாக மாதவிடாய் வரவில்லை, ஜிம்னாஸ்டுகளுக்கு அது சகஜம் என்று அவளுடைய பழைய கோச் சொல்லியிருக்கிறார்."

சகோதரி, உங்கள் கடிதம் வந்த அன்றே இரண்டு வரி பதில் அனுப்பியிருந்தேன்: மின்னஞ்சலை அனுப்பாதீர்கள், மகளை உடனே தாவுவதையும் பின்னால் வளைவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இப்போது விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த வீடியோ. சமந்தா செரியோ என்ற அந்தப் பெண், 2019 ஏப்ரலில் பேட்டன் ரூஜ் நகரில் நடந்த மண்டலப் போட்டியில், ஃப்ளோரில் தரையிறங்கும்போது விழுந்தார். இரண்டு முழங்காலும் விலகின. அதோடு ஜிம்னாஸ்டிக்ஸை முடித்துக்கொண்டார். விண்வெளிப் பொறியியல் பட்டம் வாங்கிக்கொண்டு போயிங் நிறுவனத்தில் வேலைக்குப் போனார். அந்த வீடியோவைப் பார்த்த யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் அது மிக மிக அபூர்வமான காயம். அதை வைத்து உங்கள் மகளின் ஆபத்தை அளக்காதீர்கள். அவளுக்கு இருக்கும் ஆபத்து சத்தமில்லாதது. அதை யாரும் வீடியோ எடுக்கப்போவதில்லை.

எண்கள் என்ன சொல்கின்றன

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு 1982 முதல் காயங்களைக் கணக்கெடுத்து வருகிறது. ஒரு பெண் ஒரு நாள் பயிற்சிக்கோ போட்டிக்கோ இறங்கினால் அது ஒரு முறை. இப்படி 1000 முறைக்கு எத்தனை காயம் என்பதுதான் காய விகிதம். 1988–89 முதல் 2003–04 வரை 16 ஆண்டுகளின் கணக்குப்படி, பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் பயிற்சியில் 1000 முறைக்கு 6.07 காயங்கள், போட்டியில் 15.19. 2009 முதல் 2014 வரையிலான கணக்கில் பயிற்சியில் 8.69, போட்டியில் 14.49.

இந்த எண்ணைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. 18 பெண்கள் உள்ள ஒரு அணி, வாரத்துக்கு ஐந்து நாள் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 90 முறை. ஏறக்குறைய 11 வாரத்தில் 1000 முறை ஆகிவிடும். அதாவது செப்டம்பரில் கல்லூரி திறந்து தேங்க்ஸ்கிவிங் வருவதற்குள், பயிற்சிக் கூடத்திலேயே ஆறிலிருந்து ஒன்பது காயங்கள். ஒரு பெண்ணுக்கு என்று பார்த்தால் ஆண்டுக்கு ஒன்று வந்துவிடும் போலிருக்கிறது, இல்லையா? கணுக்கால் பிசகு, முழங்கால், முதுகு என்று ஏதோ ஒன்று. அதனால் உங்கள் மகளுக்குக் காயம் வந்தது அவள் கவனக்குறைவாலும் இல்லை, நீங்கள் சேர்த்துவிட்ட பாவத்தாலும் இல்லை.

போட்டியில் ஏன் இரண்டு மடங்கு? பயிற்சியில் நுரைக் கட்டிகள் நிறைந்த குழி இருக்கிறது, தடித்த மெத்தைகள் இருக்கின்றன, பாதி வரை செய்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். போட்டியில் அந்த வசதியெல்லாம் கிடையாது. முழுதாகச் செய்து, களைத்துப்போன காலோடு கடைசியில் தரையிறங்க வேண்டும். அந்த 16 ஆண்டுக் கணக்கில், போட்டிக் காயங்களில் 69 சதவீதம் இடுப்புக்குக் கீழேதான். பெரும்பாலானவை ஃப்ளோரில் இறங்கும்போதும், பார், பீம் போன்ற கருவிகளிலிருந்து குதித்து முடிக்கும்போதும் வந்தவை. தரையில் மோதும் அந்தக் கணத்தில் கால்களில் உடல் எடையைப் போல் பத்து மடங்கு வரை, சில சமயம் அதற்கு மேலும், விசை ஏறுகிறது. முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிவதில், ஒப்பிடப்பட்ட 15 கல்லூரி விளையாட்டுகளில் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் முதல் வரிசையில் இருந்தது. ஆண்களின் வசந்தகால ஃபுட்பால் பயிற்சி அதற்குச் சமமாக நின்றது. ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்கிற அமெரிக்க ஃபுட்பால். உடலை ஒட்டிய பளபளக்கும் லியோடார்டு உடையும் புன்னகையும் நம் கண்ணை ஏமாற்றிவிடுகின்றன.

இதில் நான் முக்கியமாக நினைப்பது வேறு. அந்தப் பழைய கணக்கில் ஒரு வலி 'காயம்' என்று பதிவாக வேண்டுமானால் மூன்று விஷயங்கள் நடந்திருக்க வேண்டும். கல்லூரியின் பயிற்சியிலோ போட்டியிலோ வந்திருக்க வேண்டும். டாக்டரிடமோ, அணியின் காயங்களைப் பார்க்கும் அத்லெடிக் ட்ரெயினரிடமோ காட்டியிருக்க வேண்டும். அதனால் மறுநாளாவது பயிற்சியைக் குறைத்திருக்க வேண்டும். உங்கள் மகள் மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு நாள்கூடத் தவறாமல் போயிருக்கிறாள். ஆக, அப்படிப்பட்ட கணக்கில் அவள் வரமாட்டாள். வலியை மறைக்கிற விளையாட்டில் உண்மையான எண்ணிக்கை அச்சில் இருப்பதைவிடக் கூடுதல் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

மறைப்பதில் இந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். என்னிடம் வரும் ஜிம்னாஸ்டை ஒற்றைக் காலில் நிற்கவைத்து மெதுவாகப் பின்னால் வளையச் சொல்வேன். "பத்துக்கு எவ்வளவு வலிக்கிறது?" என்றால், சிரித்துக்கொண்டே "ரெண்டு" என்பாள். பிடிமானத்துக்காக மேஜை விளிம்பைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்தால், சுண்ணாம்புத் தூள் படிந்து காய்த்துப்போன அந்த விரல்களின் முட்டி வெளுத்திருக்கும். நான் 'ஏழு' என்று எழுதிக்கொள்வேன்.

முதுகும் மாதவிடாயும் ஒரே கதை

முள்ளெலும்பின் பின்பக்கத்தில், மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் ஒரு மெல்லிய எலும்புப் பாலம் உண்டு. பின்னால் வளைந்து வளைந்து இறங்கும்போது அந்தப் பாலம் நசுங்குகிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கினால் என்ன ஆகும்? அதுதான். 1976இல் வெளியான ஆய்வு ஒன்றில் 100 இளம் ஜிம்னாஸ்ட் பெண்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தபோது 11 பேருக்கு அந்தப் பாலம் முறிந்திருந்தது. பொதுவாக மக்களிடையே இது ஆறு சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

உங்கள் மகளுக்கு இன்னும் முறியவில்லை. இது நல்ல செய்தி, பெரிய நல்ல செய்தி. ஆரம்பக் கட்டத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. அதனால் கல்லூரியில் முதலில் சொன்னதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வலி குறையவில்லை என்று அவள் திரும்பிப் போயிருந்தால் அவர்களே எம்ஆர்ஐ எடுத்திருப்பார்கள். இந்த நிலையில் நிறுத்தினால், பொதுவாக மூன்று மாத ஓய்வு, அப்புறம் வயிறு, இடுப்புத் தசைகளுக்குப் படிப்படியான பயிற்சி, அதோடு எலும்பு பெரும்பாலும் கூடிவிடும். ஓய்வு என்றால் படுக்கை இல்லை. நடக்கலாம், வகுப்புக்குப் போகலாம், பிசியோ சொல்லும் பயிற்சிகளைச் செய்யலாம். நிறுத்தாமல் ஜனவரியில் ஃப்ளோரில் இறங்கினால் அந்தப் பாலம் முழுதாக முறியலாம். இரண்டு பக்கமும் முறிந்தால் முள்ளெலும்பு முன்னால் நழுவவும் வாய்ப்பு உண்டு. அப்பா சொல்கிற 'பல்லைக் கடித்தல்' இங்கே எடுபடாது. தசைவலியைப் பல்லைக் கடித்துத் தாண்டலாம், எலும்பு அப்படியில்லை.

இனி நீங்கள் ஓரத்தில் எழுதிய வரிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். மாதவிடாய் நின்றுபோவது ஜிம்னாஸ்டுகளிடம் அடிக்கடி நடப்பது உண்மை. அடிக்கடி நடப்பதெல்லாம் சரியானது என்று ஆகிவிடாது. மூன்று மாதம் வராவிட்டாலே பார்க்க வேண்டும், இது ஏழு மாதம். கர்ப்பம், தைராய்டு, புரோலாக்டின் என்ற ஹார்மோன், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை ஆகியவற்றை முதலில் ஒதுக்குவார்கள். (கர்ப்பப் பரிசோதனை என்றதும் கோபப்படாதீர்கள். எல்லாருக்கும் செய்கிற வழக்கமான சோதனை.) இவை எதுவும் இல்லை என்றால், பயிற்சிக்குச் செலவாகும் அளவுக்குச் சாப்பாடு போய்ச் சேரவில்லை என்று பொருள். உடம்பு சிக்கனம் பிடிக்கிறது: இனப்பெருக்க வேலையை முதலில் நிறுத்துகிறது, ஈஸ்ட்ரோஜென் குறைகிறது, எலும்பு தன்னைப் பழுதுபார்ப்பது தடைபடுகிறது. 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதற்கு 'ரெட்-எஸ்' என்று பெயரிட்டது. விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை என்று சொல்லலாம்.

ஆக, உங்கள் மகளின் முதுகெலும்புக்கு வேலையும் அதிகம், பழுதுபார்க்க ஆளும் இல்லை. முதுகை மட்டும் பார்த்து மூன்று மாதம் ஓய்வு கொடுத்து, சாப்பாட்டை விட்டுவிட்டால், அடுத்த ஆண்டு இதே கடிதத்தைப் பாதத்து எலும்பைப் பற்றி எழுதுவீர்கள்.

"அவள் நன்றாகத்தான் சாப்பிடுகிறாள், எடையும் குறையவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதே பக்கத்தில், தேங்க்ஸ்கிவிங் அன்று இரண்டு இட்லியோடு தட்டை நகர்த்திவிட்டாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எடை குறையாமலேயே இந்தப் பற்றாக்குறை வரலாம். உடம்பு செலவைக் குறைத்துக்கொள்வதால் தராசு காட்டிக்கொடுக்காது. அவளைத் திட்டி ஊட்டுவதில் பயனில்லை. விளையாட்டு உணவியல் நிபுணர் பல பெரிய பல்கலைக்கழக அணிகளில் இருக்கிறார். அவரைப் பார்க்கட்டும். வைட்டமின் டி, இரும்புச் சத்து, எலும்பு அடர்த்தி மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாதவிடாயை வரவழைக்கக் கருத்தடை மாத்திரை கொடுத்தால், வருகிற ரத்தப்போக்கைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று ஏமாந்துவிடாதீர்கள். அது மாத்திரையால் வருவது. எலும்புக்கு அதனால் காப்பு இல்லை.

ஸ்காலர்ஷிப்பும் அந்த மின்னஞ்சலும்

இங்கேதான் நீங்களும் உங்கள் கணவரும், ஆளுக்கொரு பக்கமாக, தவறாக நினைத்திருக்கிறீர்கள். காயத்தால் ஸ்காலர்ஷிப் போய்விடும் என்று அவர் பயப்படுகிறார். என்சிஏஏவின் முதல் பிரிவுக் (டிவிஷன் 1) கல்லூரிகளில் காயத்தைக் காரணம் காட்டி ஸ்காலர்ஷிப்பைக் குறைக்கவோ ரத்து செய்யவோ கூடாது. 'கான்ஃபரன்ஸ்' எனப்படும் பெரிய கல்லூரிக் கூட்டமைப்புகளில் 2015 முதல் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2024 ஆகஸ்டிலிருந்து முதல் பிரிவு முழுமைக்கும் வந்துவிட்டது. மருத்துவக் காரணத்தால் இனி ஆடவே முடியாது என்று டாக்டர் எழுதினாலும் படிப்புக்கான உதவி தொடரும்.

ஆனால் தானாக விலகினால் கதை வேறு. "நான் அணியிலிருந்து விலகுகிறேன்" என்று மாணவி எழுதிக்கொடுத்துவிட்டால் உதவித்தொகையை நிறுத்தக் கல்லூரிக்கு வழி உண்டு. வேறு கல்லூரிக்கு மாறுவதாகப் பெயர் பதிந்தாலும் அப்படியே. ஆக, உங்கள் கணவர் எதற்குப் பயப்படுகிறாரோ, அதை நிஜமாக்கக்கூடியது நீங்கள் எழுதி வைத்திருக்கும் மின்னஞ்சல்தான். அம்மா அனுப்பியது சட்டப்படி மகளின் விலகல் ஆகாது. ஆனால் "அப்படியானால் நீயே எழுதிக்கொடு" என்று ஒரு பேச்சு ஆரம்பித்துவிடும். அழித்துவிடுங்கள்.

இந்த ஆண்டை எப்படிக் காப்பாற்றுவது என்பதையும் அவள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஒரு மீட்டில்கூட இறங்காவிட்டால், பொதுவாக அந்த ஆண்டு அவளுடைய போட்டி ஆண்டுகளில் கழியாது. இரண்டு மீட் ஆடிவிட்டு முறிந்தால் விண்ணப்பம், மருத்துவச் சான்று என்று அலைய வேண்டும். இந்த விதிகள் அடிக்கடி மாறும் காலம் இது. அதனால் விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

செலவு பற்றி: விளையாட்டால் வந்த காயத்துக்கான மருத்துவச் செலவுக்கு இன்ஷூரன்ஸ் ஏற்பாடு இருப்பதைக் கல்லூரி உறுதிசெய்ய வேண்டும். பல இடங்களில் முதலில் உங்கள் குடும்ப இன்ஷூரன்ஸுக்குத்தான் பில் போகும், மீதியைக் கல்லூரி பார்க்கும். விளையாட்டை முடித்த பிறகும் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு அந்தக் காயத்துக்கு மருத்துவப் பாதுகாப்பு உண்டு. இதுவும் 2024 ஆகஸ்டில் வந்ததுதான். ஆனால் பதிவில் இல்லாத காயத்துக்கு யார் கொடுப்பார்கள்? மறைப்பதால் வரும் நஷ்டம் இங்கேயும் இருக்கிறது. நீங்கள் வெளியே எடுத்த எம்ஆர்ஐக்கு அவர்கள் பணம் தராமல் போகலாம். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

யாரிடம், யார் பேசுவது

கோச்சிடம் நீங்கள் பேசுவதில் சிக்கல் இருக்கிறது. மகளுக்கு 18 தாண்டிவிட்டது. அவள் கையெழுத்துப் போட்டு அனுமதி தராமல் அவளுடைய உடல்நிலையைப் பற்றிக் கல்லூரி உங்களிடம் பேசாது. நம் வீடுகளில் இது கசப்பான விஷயம், தெரியும். ஸ்கூல் மிஸ்ஸைப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி இங்கே முடியாது.

அதோடு, முடிவெடுப்பவரும் கோச் இல்லை. முதல் பிரிவில் 2017 முதல், ஒரு மாணவி ஆடலாமா கூடாதா என்பதில் அணி டாக்டருக்கும் அத்லெடிக் ட்ரெயினருக்கும்தான் கடைசிச் சொல். கோச் அதை மாற்ற முடியாது. அத்லெடிக் ட்ரெயினர் என்றால் ஜிம்மில் டம்பெல் தூக்கச் சொல்கிறவர் இல்லை. காயங்களைப் பார்ப்பதற்கென்றே படித்துச் சான்றிதழ் பெற்றவர். மகள் முதலில் போக வேண்டியது அவரிடம். காலையில், பயிற்சிக்கு முன்னால், எம்ஆர்ஐ அறிக்கையோடு. "அக்டோபரிலிருந்து வலி, கூடிக்கொண்டே போகிறது, மாத்திரை போட்டு மறைத்தேன், ஏழு மாதமாகப் பீரியட்ஸ் இல்லை" என்று இந்த நான்கையும் ஒரே மூச்சில் சொல்லட்டும். முதல் மூன்றைச் சொல்லிவிட்டு நான்காவதை விழுங்கிவிடுவார்கள் இந்தப் பிள்ளைகள்.

கோச் முகம் சுளிக்கலாம். பீமில் அவளுடைய இடத்தில் இன்னொரு பெண் ஏறலாம். ஆறு பேர் ஏறுகிற வரிசையில் ஒரு இடம் என்பது அவளுக்கு எவ்வளவு பெரிது என்பதை நீங்கள் குறைத்து எண்ணாதீர்கள். "போனால் போகட்டும், படிப்பைப் பார்" என்று சொன்னால், அடுத்த வலியை உங்களிடமிருந்தும் மறைப்பாள். அவள் விரும்பினால் திரும்பிப் போகலாம், அதற்கு வழி இருக்கிறது என்பதை அவள் காதில் விழும்படி சொல்லுங்கள். திரும்புவதும் விடுவதும் மூன்று மாதம் கழித்து, வலியில்லாத முதுகோடு, அவளே முடிவு செய்ய வேண்டியது. நான் அவளுடைய டாக்டராக இருந்தால் இப்போது அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.

கணுக்காலையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு முறை பிசகிய கணுக்கால் மூன்றாவது முறையும் பிசகும். முதுகு ஆறுகிற மாதங்களில் ஒற்றைக் காலில் சமநிலைப் பயிற்சியைச் செய்து முடித்துவிடலாம். திரும்பும்போது டேப் அல்லது பிரேஸ் கட்டிக்கொண்டு இறங்கட்டும்.

காலில் மரத்துப்போவதோ, பலவீனமோ, சிறுநீர் மலம் கழிப்பதில் மாற்றமோ வந்தால் அப்பாயிண்ட்மெண்ட் எல்லாம் பார்க்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அதை அவளிடம் இன்றே சொல்லிவையுங்கள். எம்ஆர்ஐ அறிக்கையின் பிரதி மட்டும் போதாது, படங்கள் உள்ள சிடியையும் கூரியரில் அனுப்புங்கள்; அணி டாக்டர் படத்தைத் தானே பார்க்க விரும்புவார். அந்தப் பெட்டியில் இடம் இருந்தால் இட்லிப் பொடியும் வையுங்கள்.